ஒச்சம்மாளின் மூன்றாவது பிள்ளை

பேரையூர்
18.2.2008

அன்பு மகள் முத்துச்செல்விக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் சுகம், புனேயில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் காலையில் எழுந்ததும் நினைத்துக்கொள்கிறேன். அப்பாவுக்கு முட்டிவலி தேவலை, பழங்காநத்தத்தில் வாங்கிய எண்ணெயால் என்கிறார், எனக்கென்னவோ சைக்கிள் மிதிப்பதை நிறுத்தியதால்தான் என்று தோன்றுகிறது.

போனில் சொல்ல முடியாத விஷயம் ஒன்று, அதனால் எழுதுகிறேன். எங்கள் துணை சுகாதார நிலையத்துக்கு வரும் ஒரு பெண், பெயரை ஒச்சம்மாள் என்று வைத்துக்கொள், நர்சு வேலையில் இருந்துகொண்டு அவளுடைய சொந்தப் பெயரை உன்னிடம்கூடச் சொல்லக் கூடாது. முதல் பிள்ளை ஏழாம் மாதம் வயிற்றிலேயே இறந்தது, இரண்டாவது பிறந்து நான்கு நாள்தான் இருந்தது. இரண்டாவதின்போது நான்தான் ரத்தம் எடுத்து டவுனுக்கு அனுப்பினேன். முடிவு திரும்பி வரவேயில்லை. நானும் துரத்திக் கேட்கவில்லை, இத்தனை ஊரைப் பார்க்கிறோமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

போன ஆவணியில் மறுபடி நான்கு மாதமாக வந்து நின்றாள். இதுவும் தங்காவிட்டால் மகனுக்கு வேறு பெண் பார்ப்பதாக மாமியார் சொல்லிவிட்டாராம். அந்த வாரம்தான் எங்களுக்குப் பயிற்சி கொடுத்துப் புதுப் பரிசோதனை அட்டை தந்திருந்தார்கள். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் வைத்தால் கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும், கரண்டும் வேண்டாம், லேபும் வேண்டாம். அவளுக்கு இரண்டு கோடு விழுந்தது. சிபிலிஸ், நம் பக்கம் மேகநோய் என்பார்களே, அதுதான். பக்கத்தில் உட்கார்ந்து, இதுக்கு ஊசி இருக்கு தாயி, வயித்துல இருக்கிற பிள்ளையையும் சேத்துக் காப்பாத்தும் என்றேன். அவள் அழவில்லை, அப்ப அந்த ரெண்டும் என் ராசியால போகலையா நர்சம்மா என்றுதான் கேட்டாள். அன்றைக்கே பஸ் ஏற்றி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன், டாக்டரம்மா முதலில் சிறிதளவு போட்டு ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்துவிட்டு பென்சிலின் போட்டார்கள்.

புருஷனுக்கும் போடாவிட்டால் திரும்ப வந்துவிடும். அவன் போர்வெல் போடும் வண்டியில் ஆந்திராப் பக்கம் மாதக்கணக்கில் போகிறவன். வந்ததும் கூப்பிட்டேன், எங்கே போனாய் யாரோடு போனாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் நல்லாத்தான இருக்கேன், எனக்கெதுக்கு ஊசி என்று எழுந்துவிட்டான். அவன் எதிரில் வாயே திறக்காத ஒச்சம்மாள், ரெண்டு பிள்ளையைக் குழியில வச்சிட்டு வந்தோம், மூணாவதுக்கும் குழி வெட்டச் சொல்றியா, கையக் குடு என்றாள். அவன் விரலை நீட்டினான், அவனுக்கும் ஊசி போட்டாயிற்று.

தை கடைசி வெள்ளிக்கிழமை பிரசவம், பெண் குழந்தை, இரண்டே முக்கால் கிலோ. டாக்டரம்மா சோதித்துப் பார்த்து நோய் அறிகுறி எதுவும் இல்லை, தொடர்ந்து காட்டினால் போதும் என்றார்கள். மாமியார் பிள்ளையைக் கீழே விடுவதேயில்லை, பால் கொடுக்கவே கேட்டு வாங்க வேண்டியிருக்கு என்று ஒச்சம்மாள் குறைப்பட்டுக்கொள்கிறாள்.

உன்னிடம் வருகிறேன். அங்கே எடுத்த ரத்தத்தில் இந்தப் பரிசோதனையும் உண்டா என்று கேள். சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை, என்னிடம் வரும் எல்லாப் பெண்களுக்கும் சொல்வதைத்தான் சொல்கிறேன், இதில் வெட்கத்துக்கு இடமில்லை. இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு போடாதே. சித்திரையில் ஒரு மாதம் லீவு கேட்டிருக்கிறேன். இருபத்திரண்டு வருஷமாக ஊரார் பிள்ளைகளைக் கையில் வாங்கியவள், உன் பிரசவத்துக்கு மட்டும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து காத்திருக்கப் போகிறேன். தாயும் பிள்ளையும் நல்லபடியாக இரண்டு உயிராகி நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு
உன் அம்மா
பாண்டியம்மாள்