இரண்டாம் தடவை வந்த சாவுச் செய்தி

என் கண்ணு யாசெனுக்கு,

அம்மா எழுதுறேன். அந்த டப்ளின் மழையில நனையாம, வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒண்ணுமில்லாம நீ இருக்கணும்னு மாதாகிட்ட வேண்டிக்கிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். நாங்க இங்க சுகம்னு வழக்கம்போல எழுத வரலைடா. நாங்கன்னு சொல்ல இனிமே இங்க ரெண்டு பேர் இல்லை. அப்பா போயிட்டார். திராட்சைக் கொடியைக் கவாத்துப் பண்ணப் போனவர், குளிருதுன்னு கொட்டகை வாசல்ல வந்து உட்கார்ந்தார், ஸ்லாத்கா கொஞ்சம் தண்ணி கொடுன்னார், நான் சொம்போட வர்றதுக்குள்ள சாய்ஞ்சுட்டார். ஆம்புலன்ஸ் வந்தது, டாக்டர் பார்த்தார், கையை விரிச்சுட்டார். இந்தத் தடவை நிஜம். போன்ல எவ குரல்ல வேணும்னாலும் எவளோ பேசலாம், ஆனா என் கோணல் எழுத்தை எவளாலும் எழுத முடியாது, அதனாலதான் காகிதத்துல எழுதுறேன்.

நீ நம்பாததுக்கு எனக்குக் கோபமில்லை, சத்தியமா இல்லை. போன திராட்சை அறுவடையப்போ நடந்ததை நீ ஆத்திரத்துல பாதிதான் காதுல வாங்கினே, இப்பவாவது முழுசா கேளு. ஸ்பாஸ் பெரியப்பா செத்துப் பத்து வருஷம் ஆச்சேன்னு அப்பா அஞ்சலி நோட்டீஸ் அடிக்கச் சொன்னார். பெரியப்பாவோட தனிப்படம் நல்லதா ஒண்ணும் கிடைக்கலை, அண்ணனும் தம்பியும் தோள்மேல கைபோட்டு நிக்கிற கல்யாண போட்டோவைத்தான் கொடுத்தேன். நோட்டீஸ் கடைக்காரப் புண்ணியவான் செத்தவரை வெட்டித் தள்ளிட்டு, உயிரோட இருக்கறவர் மூஞ்சியை எடுத்துக் கறுப்புக் கரைக்குள்ள வச்சுட்டான். நாங்க பார்க்கறதுக்கு முன்னாடியே அவன் ஆளே பஸ் ஸ்டாப், ரொட்டிக் கடை, சர்ச் பக்கத்து மரம், நம்ம வாசக் கதவு எல்லாத்திலயும் ஒட்டிட்டுப் போயிட்டான். நம்ம ஜனங்களைத்தான் உனக்குத் தெரியுமே, டிவிக்காரன் சொன்னா சிரிப்பாங்க, மந்திரி சொன்னா துப்புவாங்க, சுவத்துல ஒட்டின அந்தக் காகிதத்தை மட்டும் வேதவாக்கா எடுத்துப்பாங்க. மூஞ்சியைப் பார்த்தாச்சு, சிலுவை போட்டாச்சு, கீழே பேரு ஸ்பாஸ்னு இருக்கே, பத்து வருஷம்னு இருக்கேன்னு எவன் படிச்சான்? அடுத்த வீட்டு வெஸ்கா பூவோட ஓடி வந்தா, அப்பாவே போய்க் கதவைத் திறந்தார். அவ அலறின அலறல்ல தெருவே கூடிருச்சு. இவர் பூவை எண்ணிப் பார்த்துட்டு, செத்தவனுக்குத்தானே இரட்டைப்படை, உயிரோட இருக்கறவனுக்கு ஒத்தைப்படையாச்சே வெஸ்கா, ஒண்ணை நீ வச்சுக்கோ, மிச்சத்தை உயிரோட இருக்கறவன் வாங்கிக்கறேன்னார். உங்கப்பன் குசும்பு அப்படி.

தெருவோட போயிருக்கும் அது. நம்ம மாவட்டத்துச் சேதி போடற அந்த இணையதளக்காரன் பஸ் ஸ்டாப்ல நோட்டீஸைப் படம் பிடிச்சான், முன்னாள் ஸ்டேஷன் மாஸ்டர் லூபென் நெடுநாள் நோயில் காலமானார், குடும்பத்தார் கண்ணீரோட தெரிவிச்சாங்கன்னு போட்டுட்டான். எந்தக் குடும்பத்தார்? நானா? சாயங்காலம் வரைக்கும் நாங்க தோட்டத்துல திராட்சை பறிச்சுக்கிட்டு இருந்தோம், நீ போன் பண்ணிப் பண்ணிப் பார்த்துட்டு விமானம் ஏறிட்டே. கறுப்புச் சட்டையோட நீ உள்ளே வந்தப்போ அவர் முழங்கால் வரைக்கும் திராட்சைச் சாறோட நின்னு, என் சாவுக்கு வந்தியா, வா வா, வந்த கையோட அந்தக் கூடையைத் தூக்குன்னார். நீ படியில உட்கார்ந்து அழுதே, அப்புறம் கத்தினே, என் முதலாளி முகத்துல நான் எப்படி முழிப்பேன்னு கேட்டே, மறுநாளே கிளம்பிட்டே. அந்த முதலாளி உனக்கு எத்தனை அப்பாடான்னு கேட்டானாமே, வெஸ்கா மகன் சொன்னான். பாவி. அதுக்கப்புறம் நீ என் நம்பரை எடுக்கவே இல்லை. ஆனா ஒண்ணு உனக்குத் தெரியாது. நீ போனப்புறம் அப்பா சொன்னார், என் பிள்ளை எனக்காக அழறதை நான் என் கண்ணால பார்த்துட்டேன் ஸ்லாத்கா, எத்தனை அப்பனுக்கு அது கிடைக்கும்னு. இதை அவன்கிட்டயே சொல்லுங்களேன்னேன். அவனே கூப்பிடட்டும், அப்பச் சொல்றேன்னார்.

இப்போ நிஜமா போனப்போ என்ன நடந்துச்சுன்னா, ஒருத்தரும் நம்பலை. நோட்டீஸ் அதே இடங்கள்லதான் ஒட்டினோம். ரொட்டிக் கடைக்காரன் என்னைப் பார்த்து, என்ன ஸ்லாத்கா அக்கா, நோட்டீஸ் கடைக்காரன் மறுபடியும் குடிச்சுட்டானான்னு கேட்டுச் சிரிச்சான். நான் ரொட்டியை வாங்கிக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டேன். பாதிரியார்கூட, தப்பா நினைச்சுக்காதே, டாக்டர் வந்து பார்த்தாரா இல்லையான்னு ரெண்டு தடவை கேட்டார். எல்லாத்துக்கும் மேல அந்த இணையதளக்காரன், போன தடவை வாங்கின திட்டு மறக்காம, இந்தத் தடவை முந்திக்கிட்டான். லூபென் நலமாக இருக்கிறார், வதந்தியைப் பரப்பாதீர்கள்னு போட்டு, அறுவடையப்போ கிளாஸைத் தூக்கிப் பிடிச்சு அவர் சிரிக்கிற படத்தை வச்சுட்டான். அவரைக் குழியில இறக்கற நேரத்துல ஊர் முழுக்க அதைத்தான் கையில வச்சுப் பார்த்துக்கிட்டு இருந்திருக்காங்க. இங்க ரயில் நின்னு போன அத்தனை வருஷமும் ஸ்டேஷன்ல அவர் வணக்கம் சொல்லாத ஆள் இந்த ஊர்ல இல்லை, தூக்கிட்டுப் போக ஆள் போதாம குழி வெட்டறவங்களே ஒரு பக்கம் பிடிச்சாங்கடா.

நீயும் அந்த மறுப்பைத்தான் பார்த்திருப்பே. வெஸ்கா உனக்கு சேதி அனுப்பினா. இந்தத் தடவை எந்தப் படத்தை வெட்டினாங்கன்னு சிரிக்கிற பொம்மையோட நீ பதில் போட்டே. அவ காட்ட மாட்டேன்னா, நான்தான் பிடுங்கிப் பார்த்தேன். சவப்பெட்டி அப்போ கூடத்துல இருந்தது. பிறகு அவ போன்லயே உன்னைக் கூப்பிட்டேன், வார்த்தை வரலை, அழுகைதான் வந்தது, நீ வச்சுட்டே, நம்பரையும் தடுத்துட்டே. வச்சது சரிதான், அழுதுக்கிட்டே பேசுற குரல் எல்லாம் ஏமாத்துக்காரங்க, பேச்சுக் கொடுக்காம வச்சுடுன்னு உனக்குப் படிச்சுப் படிச்சுச் சொன்னவ நான்தானே. என் பேச்சை நீ கேட்ட ஒரே தடவை அதுவா இருக்கணுமா, சொல்லு.

சேதி எழுதறவங்கள்ல ஒரே ஒருத்திதான் கதவைத் தட்டினா. மாவட்டப் பத்திரிகைக்கு எழுதுற ரலித்ஸா, குள்ளமா, எப்பவும் சளி பிடிச்ச மூக்கோட இருப்பாளே, அவ. போன தடவையும் அவ மட்டும்தான் வந்தா, லூபென் ஐயா வீட்டுல இருக்காரான்னு கேட்டா, நான்தான் அந்தப் பிணம்னு இவர் சொன்னார், அவ சிரிச்சுட்டு ஒண்ணும் எழுதாமப் போயிட்டா. இந்தத் தடவையும் வந்தா. மன்னிச்சுக்கங்க அம்மா, நான் கேட்டுத்தான் ஆகணும்னா. கூடத்துக்கு வந்து அவரைப் பார்த்தா, டாக்டருக்குப் போன் பண்ணினா, அப்புறமும் எத்தனை வயசுன்னு என்கிட்ட ஒரு தடவை, பாதிரியார்கிட்ட ஒரு தடவை கேட்டா. எனக்கு எரிச்சலாத்தான் இருந்தது, துக்க வீட்டுல இது என்ன விசாரணைன்னு. நாலே வரி எழுதினா, கீழே தன் பேரைப் போட்டா, அடக்கம் முடிஞ்சு ரெண்டு நாள் கழிச்சு வந்தது. அதைப் படிச்சுட்டுத்தான் ஜனங்க ஒவ்வொருத்தரா தலையைக் குனிஞ்சுக்கிட்டு வந்தாங்க. ரொட்டிக் கடைக்காரன் வாசல்ல நின்னு தேம்பினான், உள்ளே வாடான்னு நான்தான் கூப்பிட்டேன். அந்தப் பத்திரிகைத் துண்டை இதோட வச்சிருக்கேன்.

அம்மாவுக்கு ரொம்பத் தெரியாது யாசென், ஆனா இதுல பட்டுட்டேன். முதல்ல பொய்யை நம்பினே, அடுத்து மறுப்பை நம்பினே, ரெண்டும் ஒரே வாயிலேருந்து வந்தது, அந்த வாய் ஒரு தடவைகூட நம்ம வீட்டுப் படி ஏறலை. எவன் முந்திச் சொன்னான்னு பார்க்காதே, எவன் போய்ப் பார்த்தான்னு பாரு. பேர் போட்டிருக்கானா, தப்பாப் போனா அவன் வீட்டுக் கதவைப் போய்த் தட்ட முடியுமான்னு பாரு. தப்பு பண்ணினதைத் தப்புன்னு சொன்னானான்னு பாரு, இந்த இணையதளக்காரன் ரெண்டையும் சத்தமில்லாம அழிச்சுட்டான், ஒரு மன்னிப்பு கிடையாது. அதுக்காக ஒருத்தரையும் நம்ப மாட்டேன்னு உட்கார்ந்துடாதே கண்ணு. வீட்டு ஆளையும் நம்பாதவனா இருந்ததாலதான் உங்கப்பா முகத்தைக் கடைசியா நீ பார்க்கலை.

நீ நல்லா இருக்கணும். அப்பா ஆசீர்வாதமும் சேர்த்து என் ஒருத்தி கையாலயே உன் தலையில வைக்கறேன். உன் முதலாளி நம்பலைன்னா ரலித்ஸா எழுதினதைக் காட்டு, அதுல பத்திரிகை ஆபீஸ் நம்பர் இருக்கு, கூப்பிட்டுக் கேட்கட்டும். நாற்பதாம் நாள் நினைவுப் பூசைக்கு வழக்கப்படி கோதுமை வேகவைப்பேன், அதுக்குள்ள வந்துடு. இன்னொண்ணும் சொல்லிடறேன். நோட்டீஸ் அடிக்கும்போது கீழே யார் யார் பேர் போடணும்னு கேட்டாங்க. துயரத்துடன், மனைவி ஸ்லாத்கா, மகன் யாசென்னு சொன்னேன். உனக்குத் தெரியவே தெரியாது, டப்ளின்ல சிரிக்கிற பொம்மை அனுப்பிக்கிட்டு இருக்கே, உன் பேரை அழறவங்க வரிசையில ஊர் பூரா ஒட்டியிருக்கு. ரலித்ஸாகூட அதைச் சரிபார்க்கலை. இந்தச் சாவுல நான் சொன்ன ஒரே பொய் அதுதான்டா, வந்து அதை நிஜமாக்கு.

உன் அம்மா,
ஸ்லாத்கா