பாக்கியம் வீட்டுச் செம்பு

கார்த்திகை 9, ஞாயிறு

விடிய மழை. பத்து மணிக்கு விட்டது. என் தங்கச்சி பாக்கியத்தின் மகள் வசந்தியைப் பெண் பார்க்க வந்தார்கள். இருந்தவர்கள்: பாக்கியம், வசந்தி, நான், இவர். சாம்பல்தீவிலிருந்து மாப்பிள்ளை, அவருடைய தாய், தகப்பன், தாய்மாமன். வசந்தியின் அண்ணன் தவம் இல்லை. துறைமுகத்தில் வேலையாம். இன்றைக்குமா?

ஊரில் வாந்திபேதி வந்த நாள் முதல் ஒருவரும் மற்றவர் வீட்டில் கை நனைப்பதில்லை. பாக்கியம் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். மாப்பிள்ளையின் தாய் செம்பைப் பார்த்தார், முந்தானையால் வாயைப் பொத்தினார். தகப்பன் தொடவில்லை. தாய்மாமன் செருப்பைத் தேடினார். பாக்கியத்தின் முகத்தில் உயிர் இல்லை. புருசன் இல்லாதவள், வேறு யார் பேசுவது?

இவர்தான் எழும்பிச் செம்பை எடுத்தார். அண்ணாந்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார். "இந்தக் கிணத்துத் தண்ணி மாதிரி திருகோணமலையிலயே இல்லை" என்றார். பிறகு எல்லாரும் பனங்கட்டி கடித்துத் தேத்தண்ணீர் குடித்தார்கள். சம்மதம். தை மாதம் கல்யாணம்.

எனக்குப் பெருமைதான். ஆனாலும் வரும் வழியில் பேசினேன். வீட்டில் நான் கொதிக்கவைத்து ஆற்றித் தருவது சப்பென்று இருக்கிறதாம், அங்கே பச்சைத் தண்ணீர் இனிக்கிறதோ என்று. சிரித்தார்.

எனக்கு வெள்ளிக்கிழமைக் கோபம் இன்னும் ஆறவில்லை. பாக்கியத்தின் வேலியில் ஐந்து படுக்கை விரிப்புகள் காய்ந்தன. வெள்ளிக்கிழமையில் யார் படுக்கை தோய்ப்பார்கள் என்று இவரைக் கேட்டேன். "மற்றவன்ர வேலியைப் பாக்கிறதே உனக்கு வேலை" என்று எரிந்து விழுந்தார்.

கார்த்திகை 10, திங்கள்

தூறல். பேக்கரியில் பாண் வரிசையில் ஒரு மணித்தியாலம். முன்பு தோளில் சாய்ந்து ஊர்க்கதை கதைத்தவர்கள் இப்போது ஒரு முழம் தள்ளி நிற்கிறார்கள். காசிம் நானாவின் தேத்தண்ணீர்க் கடைக்கு ஆட்கள் வீட்டிலிருந்து கோப்பை கொண்டு போகிறார்கள்.

மகள் சரோசாவுக்குக் கிளிவெட்டிக்குக் கடிதம். பேரப்பிள்ளைகளைக் கூட்டி வராதே.

தண்ணீர் இரண்டு பானை. விறகு ஈரம், கண் எரிவு. எங்கள் இருவருக்கும் பேதிக்குத் தடுப்பூசி புதன்கிழமை. கை வீங்குமாம். "நீ முதல் போடு" என்கிறார், பயந்த மனிசர்.

கார்த்திகை 11, செவ்வாய்

விடிந்ததும் இவருக்குத் தொடங்கியது. அரிசி கழுவின தண்ணீர் மாதிரி. எட்டுத் தரத்துக்குப் பிறகு நான் எண்ணவில்லை. கண் குழி விழுந்தது, விரல் சுருங்கிப்போனது. அயலில் கூப்பிட்டேன், யன்னல்களைச் சாத்தினார்கள். காசிம் நானாதான் கார் பிடித்து வந்தார்.

ஆசுப்பத்திரியில் பேர் கேட்டார்கள். புருசன் பேரை நான் வாயால் சொன்னதில்லை. நானா சொன்னார்.

உள்ளே கொண்டுபோக முன் இவர் சொன்னது: "பாக்கியத்தோட சண்டை பிடியாதை."

இந்த நேரத்தில் இதென்ன கதை?

கார்த்திகை 12, புதன்

பின்னேரம் இரண்டு மணிக்குப் போய்விட்டார்.

ஊசி நாள்.

கார்த்திகை 13, வியாழன்

உடலை வீட்டுக்குத் தரவில்லை. ஆசுப்பத்திரி ஆட்களே எரித்தார்கள். பந்தல் இல்லை, பறை இல்லை, வாய்க்கரிசி இல்லை. வந்தவர்: காசிம் நானா, வேலிப் படலை வரை மட்டும். வராதவர்களை எழுதக் கொப்பி போதாது. பாக்கியமும் வரவில்லை. இரண்டு வளவு தள்ளி இருக்கிறவள். அவள் புருசன் செத்தபோது மூன்று நாள் நான் சமைத்துக் கொண்டுபோனேன். முதல் நாள் பருப்பு, கத்தரிக்காய். இரண்டாம் நாள் மரவள்ளி. மூன்றாம் நாள் புட்டு. சட்டிகூட ஒன்று இன்னும் திரும்பி வரவில்லை.

செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. நான் மூட்டினேன். தண்ணீர் கொதித்தே ஆக வேண்டும் என்று சுகாதார ஐயாவின் கட்டளை. கிணற்றில் வெள்ளைத்தூள் போட்டார். இவர் எங்கே சாப்பிட்டார், எங்கே குடித்தார் என்று கேட்டு எழுதினார். பாக்கியம் வீட்டுச் செம்பைச் சொன்னேன். அந்த வீட்டில் ஆருக்கும் வருத்தமோ, வாந்திபேதி உண்டோ என்றார். இல்லை என்றேன்.

சுகாதார ஐயா போன பிறகுதான் அந்த ஐந்து விரிப்பும் கண்ணில் வந்து நின்றன.

கார்த்திகை 15, சனி

பாக்கியத்தின் படலைக்குப் போனேன். உள்ளே போகவில்லை. ஆருக்கடி வருத்தம் என்று மட்டும் கேட்டேன். முதலில் ஒருவருக்கும் இல்லை என்றாள். பிறகு அழுதாள். தவத்துக்காம், பெண் பார்க்க வந்ததுக்கு முந்தின வியாழனிலிருந்து. விரிப்புகளைக் கிணற்றடியில்தான் தோய்த்தாளாம். மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது அவன் பின்னறையில் கிடந்தானாம், கதவு பூட்டி. ஆசுப்பத்திரிக்கு விட்டால் சம்பந்தம் போய்விடும் என்று மறைத்தாளாம். இப்போது எழும்பி நடக்கிறான். இளம் உடம்பு.

"அந்தத் தண்ணியை இவர் குடிக்கேக்க பாத்துக்கொண்டு நிண்டனீ."

"அத்தானுக்குத் தெரியும் அக்கா. வெள்ளிக்கிழமை இளநீர் கொண்டுவந்து தவத்துக்குப் பருக்கினதே அவர்தான். உங்களுக்குச் சொல்ல வேண்டாம், உங்கட வாய் பொறுக்காது எண்டவர்."

திரும்பி வந்தேன்.

கார்த்திகை 19, புதன்

எட்டாம் நாள். மழை. சரோசா தனியே வந்தாள். படையலுக்கு வைத்த தண்ணீரும் கொதித்து ஆறினதுதான். செத்த பிறகாவது குடிக்கட்டும்.

வசந்தி வந்து காலில் விழுந்தாள். எழுப்பிவிட்டேன், அவள் என்ன செய்வாள்? பாக்கியம் அந்தச் சட்டியில் சோறு கொண்டுவந்து வேலிக்கு அப்பால் நின்றாள். சட்டியை வாங்கினேன். சோற்றை நாய்க்கு வைத்தேன். தாய் அவள், பிள்ளைகளுக்காகப் பொய் சொன்னாள். ஒரு காலம் அவளோடு கதைப்பேன். இந்த வருசம் இல்லை.

வெள்ளிக்கிழமை நான் கேட்டபோது இவர் உள்ளதைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்தச் செம்பை எல்லார் முன்னாலும் தட்டி ஊற்றியிருப்பேன், சம்பந்தம் போனால் போகட்டும் என்று. அது தெரிந்துதான் சொல்லவில்லை. நான் பெருமைப்பட்டுப் பார்த்துக்கொண்டிருக்க, தெரிந்துகொண்டே குடித்தார்.

நாற்பத்தொரு வருசம் என் வாயில் வராத பேர். இன்றைக்கு எழுதுகிறேன். நான் மன்னிக்காத ஆள் ஒருவர்தான்.

கனகசபை.