வாலில் வெள்ளை அடித்த வாரம்

மே 12, செவ்வாய்

கச்சான், மேற்கிலிருந்து அடிக்கும் காற்று. வாய் திறந்தால் மணல். மீன்பிடித் தடைக்காலம் முடிய ஒரு மாதம்தான் இருக்கிறது. மீன்பிடித் துறைமுகத்தில் எட்டு போட் கரையேறி நிற்கிறது, எல்லாவற்றுக்கும் பெயிண்டும் பெயரும் நம் கையால்தான்.

வாங்க: வெள்ளை எனாமல், தின்னர், ரோலர் 2, உப்புத்தாள். ரெஜினா மதினிக்குச் சர்க்கரை மாத்திரை (மறக்கக்கூடாது, போன வாரமும் மறந்தாயிற்று).

கா. 10 மணிக்கு ஒரு போன். ஞாயிற்றுக்கிழமை ஓடுபாதையை விட்டு விலகி உடைமரத்துக்குள் போய் நின்றதே, அந்த விமானத்தின் கம்பெனி. உயிர்ச்சேதம் இல்லை. சில பேருக்குக் கை, கால் முறிவு.

"பெயிண்டர் சேவியரா? கப்பல் பக்கமெல்லாம் உயரத்துல ஏறி அடிப்பீங்கன்னு சொன்னாங்க. எங்க விமானத்துல பேர அழிக்கணும். நாளைக்கே."

எல்லோரும் பெயர் எழுதத்தான் என்னைக் கூப்பிடுவார்கள். அழிக்கக் கூப்பிட்டது இது இரண்டாவது தடவை. முதல் தடவையைப் பற்றி இந்த நோட்டில் ஒரு வரிகூட இல்லை.

மே 13, புதன்

விடியும் முன்பே கிளம்பினோம், நானும் கூட வேலை செய்யும் முத்துவும். விசாரணை அதிகாரிகள் பார்த்து முடித்து அனுமதி கொடுத்த பிறகுதான் கிட்டே விட்டார்கள். அதுவரை வெயிலில் காத்திருப்பு.

முத்து: "ஏலே, என்னலே இது, தண்ணி குடிக்கக் குனிஞ்ச மாடு மாதிரி கெடக்கு!"

சரியாகத்தான் சொன்னான். மூக்கு மண்ணில், வால் மட்டும் வானத்தில். அந்த வாலில் சிவப்புச் சின்னம், ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்து பார்த்தாலும் தெரியும்.

கம்பெனி ஆள் சென்னையிலிருந்து வந்திருக்கிறார். நாற்பது வயது இருக்கும். இரண்டு போன், இரண்டும் ஓயவில்லை. கம்பெனியின் பெயர் கெடாமல் பார்ப்பதுதான் வேலையாம். அதற்கென்று தனியாக ஒரு வேலை இருப்பதே எனக்கு இன்றுதான் தெரியும். தோண்டித் தோண்டிக் கேட்டேன். சலிக்காமல் சொன்னார்.

- 'விபத்து' என்று சொல்ல மாட்டார்கள். 'நிகழ்வு'.
- முதல் அறிக்கை உடனே வந்துவிட வேண்டும். அதனால் முன்கூட்டியே எழுதித் தயாராக இருக்கும், ஊர்ப் பெயருக்கும் தேதிக்கும் இடம் விட்டு. (கல்யாணப் பத்திரிகை மாதிரியா என்றேன். சிரித்துவிட்டார். உடனே சுற்றிலும் பார்த்துக்கொண்டார், யாராவது படம் எடுத்துவிட்டார்களா என்று.)
- விளம்பரம் எல்லாம் நிறுத்தம்.
- போனில் கம்பெனியின் இணையப் பக்கத்தைக் காட்டினார். சிவப்பு முழுக்கச் சாம்பல் நிறம் ஆகிவிட்டது.
- அந்த விமானச் சேவைக்கு இனி அதே எண் கிடையாது. அதே நேரம், அதே ஊர், எண் மட்டும் வேறு.

"ஊருக்கே தெரியுமே சார், பிறகு ஏன் அழிக்கணும்?"

"தெரியட்டும் அண்ணாச்சி. படமா மனசுல நிக்கக் கூடாது. பத்து வருசம் கழிச்சு எங்கயாவது டயர் வெடிச்சாலும் இந்தப் படத்தத்தான் தூக்கிப் போடுவாங்க."

கெட்ட மனிதராகத் தெரியவில்லை. கண் சிவந்திருந்தது. அடிபட்டவர்களை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுத்தான் வந்தாராம். அங்கே என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். போனைக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

மா. 4-க்குள் இரண்டு கோட்டு பெயிண்ட். சுத்தமான வெள்ளை. முத்து கீழே நின்று பார்த்து, "பேய் மாதிரி இருக்குலே" என்றான்.

மாத்திரை வாங்கிவிட்டேன்.

மே 14, வியாழன்

பேப்பரில் படம். மதினிதான் கொண்டுவந்து காட்டினார். அடுத்த வீடு. என் அண்ணன் லூர்து இறந்த பிறகும் எங்கள் காம்பவுண்டிலேயே இருக்கிறார்.

"இது நீ அடிச்சதா தம்பி?"

"ஆமா மதினி."

"வெள்ளையடிச்சா அது வேற ஏரோப்ளேனா ஆயிருமா?"

"படத்துல யாருதுன்னு தெரியாதுல்லா."

"படத்துல தெரியாது. உள்ள இருந்து அடிபட்டவளுக்குத் தெரியும்லா."

பத்து நிமிடத்தில் கம்பெனி ஆளின் போன். நேற்றைய குரல் இல்லை. "அண்ணாச்சி, அந்த நம்பருக்கு யார் கறுப்படிக்கச் சொன்னா?"

அப்போதுதான் படத்தை மறுபடி பார்த்தேன். வால் வெள்ளை. விமானத்தின் பதிவு எண் மட்டும் பளிச்சென்று, கன்னங்கரேலென்று! செய்தது நாங்கள்தான், நினைவே இல்லை. போட்டில் பெயர் மாறலாம், நம்பர் மாறக்கூடாது. நம்பர் மங்கினால் கடலில் நிறுத்திக் கேட்பார்கள். அதனால் வெள்ளை அடித்த கையோடு நம்பருக்குக் கறுப்பு ஓட்டுவது இருபது வருடப் பழக்கம். இங்கேயும் கை தானாகப் போயிருக்கிறது. அந்த எண்ணை வைத்து விமானத்தின் ஜாதகம் முழுவதையும் இணையத்தில் எடுத்துப் போட்டுவிட்டார்களாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து அழிக்க வேண்டுமாம்.

முத்துவிடம் சொன்னேன். தரையில் உட்கார்ந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

மே 15, வெள்ளி

வேலை ஓடவில்லை. எழுதிவிடுகிறேன்.

நாலு வருடத்துக்கு முன் 'விடிவெள்ளி' போட்டிலிருந்து அண்ணன் கடலில் விழுந்தார். உடல் கிடைக்கவில்லை. போட் திரும்பி வந்தது. அதில் ஏற ஆள் வரவில்லை. முதலாளி என்னிடம் வந்து நின்றார். "பேர மாத்திரு சேவியர். கேட்டா நாகப்பட்டினத்துக்கு வித்தாச்சுன்னு சொல்லிருவோம்." நான்தான் அழித்தேன். 'புனித அன்னம்மாள்' என்று எழுதியதும் நான்தான்.

மதினி அந்தப் போட்டை ஒரு தடவை தொட்டுப் பார்க்க வேண்டும் என்றார். அண்ணன் கடைசியாகக் கால் வைத்த பலகை. கல்லறையும் கிடையாதே. நாகப்பட்டினம் போயிற்று என்று முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

கம்பெனி ஆளுக்காவது அது வேலை. நான் என்னத்துக்குச் சொன்னேன்?

பழைய பெயரைச் சுரண்டி எடுக்கவில்லை. யாரும் எடுப்பதில்லை, மேலேயே அடிப்போம். வருடா வருடம் எழுதித் தடித்த எழுத்து, கையால் தடவினால் இன்னும் தட்டுப்படும். ஒவ்வொரு கோட்டுக்கும் கொஞ்சம் மழுங்குகிறது. இந்த வருடக் கோட்டு திங்கட்கிழமை.

மே 16, சனி

இரண்டு போட் முடிந்தது. மதினியிடம், நாளை பூசை முடிந்ததும் துறைமுகம் வரை வாருங்கள் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை.

மே 17, ஞாயிறு

காற்று இல்லை. துறைமுகத்தில் நாய்கள் மட்டும்.

வழியெல்லாம் வார்த்தை கூட்டிக்கொண்டே போனேன். 'புனித அன்னம்மாள்' போட் முன்னால் நின்று, "மதினி, இந்தப் போட்டு..." என்று தொடங்கினேன். முடிக்க வேண்டியிருக்கவில்லை. அவர் கை ஏற்கனவே போயிருந்தது, நேரே 'வி' இருந்த இடத்துக்கு. தேடவே இல்லை. கட்டைவிரல் அந்தச் சுழி மேலேயே ஓடியது.

"மூணு தடைக்காலமா வாரேன் தம்பி. கரையில ஏத்துனாத்தான கைக்கு எட்டும்."

"எப்படி மதினி..."

"போலீசுல எழுதிக் குடுத்த தாள்ல நம்பர் கெடந்துச்சே. பேரத்தான அழிச்ச? நம்பர்ல வார அந்த ஏழுக்குக் குறுக்க கோடு போடுதது இந்தத் துறைமுகத்துல நீ ஒருத்தன்தான்."

"ஏன் எங்கிட்ட கேக்கல?"

"நீயா சொல்லுதியான்னு பாத்தேன்."

அழுதேன். போட்டில் சாய்ந்து, சத்தமாக. நாய்கள் எழுந்து பார்த்தன. மதினி அழவில்லை.

நடுவில் போன். கம்பெனி ஆள். இன்று வந்துவிடுவீர்கள்தானே என்றார். "நம்பர்ல கை வைக்க மாட்டேன் சார். வேற ஆளப் பாருங்க." மறுமுனையில், "சரி அண்ணாச்சி." கோபமாகச் சொன்ன மாதிரி இல்லை.

மதினி 'டி'க்கு வந்திருந்தார்.

"அடுத்த கோட்டு எப்ப அடிக்கே?"

"நாளைக்கு மதினி."

"அப்ப இன்னும் செத்த நேரம் நிக்கட்டா?"