மணல் இல்லாத முகம்

மார்ச் 3

டிவி திரும்பி வந்துவிட்டது. போன மாதம் இடி இடித்ததில் உள்ளே இருந்த போர்டு புகைந்து போனதிலிருந்து வீட்டில் எழவு விழுந்த மாதிரி இருந்தது. இன்று மெக்கானிக் புது போர்டு போட்டு மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். படம் வருகிறது, சத்தம் வருகிறது. அது போதும்.

ஆஸ்பத்திரி லிஃப்ட் மறுபடியும் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் நின்றது. உள்ளே ஒரு நர்ஸ், ஒரு காலி ஸ்ட்ரெச்சர். கதவைப் பிரித்து வெளியே விட்டதும் நன்றி சொல்லாமல் என்னையே முறைத்துவிட்டுப் போனாள். லிஃப்ட் மெக்கானிக் என்றால் லிஃப்டை நிறுத்துபவன் என்று நினைப்பு போலிருக்கிறது.

மார்ச் 7

வந்தேவிட்டது! புது டிஸ்க். நெகட்டிவிலிருந்து புதிதாக எடுத்து, கீறல் நீக்கி, சுத்தம் செய்து போட்டிருக்கிறார்களாம். அட்டையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "பொறந்த கொழந்தையக்கூட நீங்க இப்படிப் பாக்கல" என்றாள் வீட்டுக்காரி.

கறுப்பு வெள்ளைப் படம். மழைநாளில் ரயிலுக்குக் காத்திருக்கும் ஒரு பெண், அவ்வளவுதான் கதை. ஆனால் அந்த முகம்! அம்மைத் தழும்பை மறைக்காமல் எடுத்திருப்பார்கள். பழைய படச்சுருளில் பொடிப்பொடியாக ஒன்று அசைந்துகொண்டே இருக்குமே, கிரெய்ன் என்பார்கள், பழைய படம் பார்க்கிறவர்கள் சேர்ந்து போனில் வைத்திருக்கும் எங்கள் குழுவில் அதற்கு 'மணல்' என்று பெயர். அந்த மணலோடு சேர்ந்து அந்த முகம் மூச்சு விடும்.

குழுவை ஆரம்பித்தவர்கள் நானும் மருந்துக்கடையும். அவன் மருந்துக்கடை வைத்திருப்பதால் அந்தப் பெயர். எதையும் நோண்டிப் பார்ப்பேன் என்று எனக்குப் பூதக்கண்ணாடி. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. கல்யாணத்துக்குப் பிறகும் ஞாயிறு சாயங்காலம் என்றால் என் வீட்டில் ஒரு படம். அதில் மாற்றமே கிடையாது.

மார்ச் 9, ஞாயிறு

வயிறு எரிகிறது.

மருந்துக்கடை வழக்கம்போல் ஒரு பை இருமல் மிட்டாயோடு வந்தான். மற்றவர்கள் படம் பார்க்கும்போது எதையாவது கொறிப்பார்கள், நாங்கள் இருமல் மிட்டாய் சப்புவோம். விளக்கை அணைத்தோம். படம் ஆரம்பித்தது. அவள் திரும்பிப் பார்க்கிறாள் — தழும்பைக் காணோம். மணலைக் காணோம். மெழுகு பொம்மை மாதிரி வழவழவென்று ஒரு முகம். கன்னத்தில் இஸ்திரி போட்ட மாதிரி. சுத்தம் செய்கிறேன் என்று தோலையே உரித்துவிட்டார்கள் பாவிகள்.

மருந்துக்கடை மிட்டாயை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினான். பிறகு மெதுவாக, "டேய், டிவி செட்டிங் ஏதாவது மாறிருக்கா பாரு. இப்பதான ரிப்பேர் ஆகி வந்திருக்கு" என்றான்.

எனக்கே சொல்கிறான். குழுவில் யார் டிவி வாங்கினாலும் எதை எங்கே வைக்க வேண்டும் என்று என்னிடம்தான் கேட்பார்கள். ரிமோட்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அவனும் புது டிஸ்க் வாங்கி நேற்று அவன் வீட்டில் போட்டுப் பார்த்தானாம், அங்கே நன்றாக இருந்ததாம், வா என்றான். உன் வீட்டுச் சின்ன டிவியில் எது தெரியும், எல்லாம் நன்றாகத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டேன். முகம் சுண்டிப்போனது. படம் முடியும்வரை இருந்தான், ஆனால் வழக்கமாகக் குடிக்கும் இரண்டாவது டீயைக் குடிக்கவில்லை.

மார்ச் 10

குழுவில் போட்டுவிட்டேன். இடப்பக்கம் பழைய டிஸ்கின் முகம், வலப்பக்கம் புது டிஸ்கின் முகம். பழைய டிஸ்க் கையில் இல்லை, மருந்துக்கடை போன வருஷம் வாங்கிக்கொண்டு போனவன் திருப்பித் தரவே இல்லை. என் டிவி திரையை அப்போது எடுத்த படங்கள் கம்ப்யூட்டரில் இருந்தன, அதில் ஒன்றைப் போட்டேன். கீழே ஒரே வரி: 'இவளை யார் கொன்றது?'

மார்ச் 11

போனைக் கீழே வைக்க முடியவில்லை. அப்பப்பா! என்ன கொதிப்பு! டிஸ்க் வாங்காதவர்கள்கூட என் படத்தைப் பார்த்துவிட்டுத் திட்டுகிறார்கள். வாங்கிய இரண்டு பேர் தங்களுக்கு மணல் தெரிகிறது என்றார்கள். 'கண்ணாடி மாத்துங்க' என்று, குழுவில் 'மூணாம் வரிசை' என்ற பெயரில் இருப்பவன் பதில் போட்டான். அவன் போன வருஷம் சேர்ந்தவன், வாய் நீளம். ஆனால் சொன்னதில் தப்பில்லையே?

மார்ச் 12

செய்தி வாசிக்கிறவள் முகம்கூட இப்போதெல்லாம் பளபளவென்று இருக்கிறதாம், என்ன பவுடர் என்று வீட்டுக்காரி கேட்கிறாள். எனக்கு இருக்கிற வேலையில் இவளுக்குப் பவுடர் விசாரிக்க வேண்டுமாம்.

மார்ச் 14

கம்பெனிக்குக் கூட்டுக் கடிதம் தயார். டிஸ்கைத் திரும்பப் பெற வேண்டும், இல்லாவிட்டால் இனி அவர்கள் போடும் எதையும் வாங்க மாட்டோம். என் பெயர்தான் முதலில்.

பிற்பகல் மோட்டார் அறையில் கை முழுக்க கிரீஸோடு இருக்கும்போது மருந்துக்கடை போனில் கூப்பிட்டான். கடிதத்தை அனுப்பாதே என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். கெஞ்சினான்.

"பழைய படத்தையெல்லாம் தேடிப் பிடிச்சுப் போடறவன் இவன் ஒருத்தன்தான்டா. இத அடிச்சா அடுத்தது வராது. அடுத்தது எதுன்னு உனக்குத் தெரியுமில்ல?"

தெரியாமல் என்ன. அவன் சின்ன வயதில் அப்பாவோடு போய்ப் பாதி பார்த்த படம். இடைவேளையில் ஆள் வந்து, தாத்தா போய்விட்டார் என்று கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு அந்தப் படம் எங்கேயும் ஓடவில்லை, எதிலும் வரவில்லை. கதை தெரிந்தவர்கள் யாராவது வாயைத் திறந்தால் இப்போதும் காதைப் பொத்திக்கொள்வான். மீதியைப் பார்த்துவிட்டுத்தான் சாவேன் என்பான். இந்தக் கம்பெனி அதைத்தான் அடுத்து போடுவதாக அறிவித்திருந்தது.

உனக்கு ஒரு படம் வேண்டும் என்பதற்காக இதைச் சகித்துக்கொள்ளச் சொல்கிறாயா, அதையும் இப்படித்தான் மெழுகாக்கித் தருவான், பரவாயில்லையா என்று கேட்டேன். மெழுகானாலும் பரவாயில்லை என்றான். அதைக் கேட்டுத்தான் எனக்கு வெறி வந்தது. அனுப்பிவிட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

அவன் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

மார்ச் 18

இன்று குழுவில் மருந்துக்கடை வாய் திறந்தான். 'எனக்கு நன்றாகத்தான் தெரிகிறது. அவசரப்பட வேண்டாம்.' இவ்வளவுதான் எழுதினான். பிய்த்து எடுத்துவிட்டார்கள். காது கேட்காதவனுக்குப் பாட்டு எதற்கு என்றான் ஒருவன். மூணாம் வரிசை போட்டது: 'கம்பெனி இவருக்கு மாத்திரை குடுக்குது, இவர் நமக்குக் குடுக்கறார். தூக்க மாத்திரை.'

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கீழே ஒரு சிரிப்புப் பொம்மை போட்டேன். போட்டபின் எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். அதற்குள் கீழ் வீட்டுக்காரர் லிஃப்டில் சத்தம் வருகிறது என்று கூப்பிட்டார், போய்விட்டேன்.

மார்ச் 19

மருந்துக்கடை குழுவிலிருந்து விலகிவிட்டான். அவன் ஆரம்பித்த குழு.

மார்ச் 27

ஜெயித்துவிட்டோம். டிஸ்கைத் திரும்பப் பெறுகிறார்கள், பணமும் திருப்பித் தருகிறார்களாம். குழுவில் ஒரே கொண்டாட்டம். எல்லோரும் என் பெயரைச் சொல்லிச் சொல்லி எழுதுகிறார்கள்.

கம்பெனி அறிக்கையின் கடைசி வரியை யாரும் பேசவில்லை. பழைய பட வெளியீடுகளை இத்துடன் நிறுத்திக்கொள்கிறார்களாம். அறிவித்த அடுத்த படமும் வராது.

சாப்பாடு இறங்கவில்லை. ஜெயித்தவனுக்கு ஏன் இப்படி இருக்க வேண்டும்?

ஏப்ரல் 2

வீட்டுக்காரி பிரஷர் மாத்திரை வாங்க மருந்துக்கடையிடம் போனாள். சண்டையெல்லாம் எனக்கும் அவனுக்கும்தான், அவளுக்கு அவன் எப்போதும் அண்ணன். திரும்பி வரும்போது மாத்திரையோடு இன்னொரு பழுப்பு உறை.

"அண்ணன் இத உங்ககிட்ட குடுக்கச் சொன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல. ஆளே எளச்சுப் போயிட்டாரு. என்னதான் நடக்குது உங்களுக்குள்ள?"

பழைய டிஸ்க். ஒரு நாளும் திருப்பித் தராதவன். கேட்டால் உன் வீடு என் வீடு என்ன கணக்கு என்பவன். கணக்குத் தீர்த்துவிட்டான்.

ஏப்ரல் 4

பிரிக்கவில்லை. மேஜைமேல் கிடக்கிறது.

ஏப்ரல் 5

ஐயோ.

இன்று வேலைக்கு லீவு போட்டுவிட்டு அந்த டிஸ்கைப் போட்டேன். பழைய முகத்தை ஒரு தடவை பார்த்தால் மனசு ஆறும் என்று நினைத்தேன். அவள் திரும்பினாள். வழவழவென்று. தழும்பு இல்லை. மணல் இல்லை. அதே மெழுகு. இருபது தடவை பார்த்த பழைய டிஸ்கில் அதே மெழுகு!

எனக்கு ஒரு நிமிஷம் புத்தி வேலை செய்யவில்லை. டிஸ்கை எடுத்துத் துடைத்துத் திரும்பப் போட்டேன். பிறகுதான் — பிறகுதான் ரிமோட்டை எடுத்தேன். டிவிக்குள்ளே 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' என்று ஒன்று உண்டு. மணலை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடும். டிவி வாங்கிய அன்றே நான் அணைத்துவைத்த சமாச்சாரம். குழுவில் ஊருக்கெல்லாம் நான் சொல்லும் முதல் பாடமே அதுதான். போர்டு மாற்றியதும் எல்லாம் பழையபடி கடையில் இருந்த நிலைக்கே போய்விட்டது. அது முழு அளவில் உட்கார்ந்திருக்கிறது.

அணைத்தேன். தழும்பு வந்தது. மணல் வந்தது. இன்னும் திருப்பி அனுப்பாமல் வைத்திருந்த புது டிஸ்கைப் போட்டேன். என்ன சொல்வேன்... இவ்வளவு நாள் நான் அந்த முகத்தைப் பார்த்ததே இல்லை. கண்ணிமை ஓரத்தில் ஒரு மழைத்துளி நிற்பது தெரிகிறது. எவனோ எவளோ உட்கார்ந்து கட்டம் கட்டமாகத் துடைத்து, மணலில் ஒரு பொடி குறையாமல் கொடுத்திருக்கிறார்கள். அதைத்தான் நான் கொலை என்றேன்.

செட்டிங்கைப் பார் என்றானே. அன்றைக்கே சொன்னானே! என் வாயில மண்ணு விழ.

ஏப்ரல் 9

மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. பேசாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. இன்று காலை குழுவில் எழுதிவிட்டேன். என் டிவியின் கோளாறு, என் தவறு, டிஸ்க் அருமையானது. புதிதாக எடுத்த படங்களையும் போட்டேன்.

முதல் பதில் மூணாம் வரிசை: 'எவ்வளவு குடுத்தாங்க?'

அதன் கீழே சிரிப்புப் பொம்மைகள். எண்ணவில்லை. மதியத்துக்குள் என்னைப் பொறுப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள். சாயங்காலம் வேறு ஒரு படத்தின் டிஸ்கில் நிறம் சரியில்லை என்று சண்டை ஆரம்பித்துவிட்டது.

ஏப்ரல் 15

கம்பெனிக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். அந்தப் பிரிவையே மூடியாகிவிட்டது, அடுத்த படத்தின் சுருளை உரிமையாளரிடம் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது, இனி எதுவும் செய்வதற்கில்லை என்றாள். அந்த டிஸ்கைச் சுத்தம் செய்தவர்களிடம் நன்றாக இருந்தது என்று சொல்ல முடியுமா என்று கேட்டேன். அவர்கள் இப்போது இங்கே இல்லை சார் என்றாள்.

ஏப்ரல் 17

மருந்துக்கடைக்குப் போனேன். கூட்டம் கலையும்வரை எடை பார்க்கும் மிஷின் பக்கத்தில் நின்றேன். என்னைப் பார்த்தான். ஒரு அம்மாவுக்கு எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால், எது பின்னால் என்று நிதானமாகச் சொல்லி அனுப்பினான்.

"டிவிடா. என் டிவிதான்" என்றேன்.

"தெரியும்."

"அப்புறம் ஏன்டா குரூப்ல சொல்லல? ஒரு வரி போட்டிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்குமே."

மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே இருந்தான். "அத்தன பேர் முன்னாடி உன் டிவி சரியில்ல, உனக்குப் பாக்கத் தெரியலன்னு நான் சொல்லுவேனா? தனியாச் சொன்னேன். நீ ரிமோட்ட எடுத்துப் பாக்கெட்ல வச்சுக்கிட்ட."

அந்தப் படம் வராமல் போனதற்கு மன்னிச்சுக்கடா என்றேன்.

"படம் போனாப் போவுது. பாதி பாத்தே இத்தன வருஷம் ஓட்டிட்டேன்" என்றான். கத்தரிக்கோலைக் கீழே வைத்தான். "நீ சிரிச்ச பாரு. அதுதான்டா."

வேறு ஆள் வந்தார். அவருக்கு எடுத்துக் கொடுத்து அனுப்பினான். ஞாயிற்றுக்கிழமை வருகிறாயா என்று கேட்டேன். இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமையும் கடை திறக்கிறேன், நேரமில்லை என்றான். வீட்டுக்காரிக்கு மாத்திரை தீர்ந்திருக்கும் என்று அவனே எடுத்துக் கொடுத்தான். பணம் கொடுத்தேன். ஒரு நாளும் என்னிடம் வாங்காதவன், வாங்கிக் கல்லாவில் போட்டான்.

ஏப்ரல் 20, ஞாயிறு

சாயங்காலம் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கடை திறந்திருந்தால் எதையாவது வாங்குகிற சாக்கில் ஒரு வார்த்தை பேசிவிட்டு வரலாம் என்று கிளம்பினேன்.

கடை சாத்தியிருந்தது. ஷட்டருக்குப் பூட்டு. மேல்மாடியில் அவன் வீடு. ஜன்னல் திரைச்சீலைக்குப் பின்னால் டிவி வெளிச்சம். பட்டை பட்டையாக வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி ஓடியது. அந்தப் படத்தில் நிற்காமல் போகும் ரயில். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்து, மறுபடி உட்காரும் இடம். சத்தம் கேட்கவில்லை, தேவையும் இல்லை. புது டிஸ்கை அவன் கம்பெனிக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை.

கீழே நின்றேன். படியேறி ஒரு குரல் கொடுத்தால் என்ன? கதவைத் திறக்காமலா போய்விடுவான்? திறப்பான். உட்காரச் சொல்வான். அதனால்தான் ஏறவில்லை. எதிர்க்கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டார், ஒன்றும் இல்லை என்று நடந்தேன்.

வீட்டில் நுழைந்ததும், அண்ணன் இருந்தாரா, பேசினீங்களா என்று கேட்டாள்.

கடையில் ஒரே கூட்டம், அவனுக்குத் தலை நிமிர நேரமில்லை என்று சொல்லிவிட்டேன்.