உங்கள் பக்கத்து இருக்கை

அக்கா,

இன்று காலை அவசரத்தில் தாலிச் சங்கிலியை ரவிக்கையோடு சேர்த்துக் குத்தும்போது ஊக்கு விரலில் ஏறிவிட்டது. கோபம் ஊக்கின் மேல் வரவில்லை, உங்கள் மேல்தான் வந்தது. செத்துப்போனவர் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். எனக்கு அதெல்லாம் முடியாது, உங்களுக்கே தெரியும்.

சிங்கப்பூரின் இந்த ஜூரோங்கில், நம் ரேடியோ தொழிற்சாலையில் கழுத்தில் எதுவும் தொங்கக் கூடாது என்பது விதி. சீனப் பெண்கள் சங்கிலியைக் கழற்றி லாக்கரில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். நாம் தாலியைக் கழற்றுவதா என்று முறைத்துக்கொண்டு நின்றோம். ரவிக்கைக்குள் தள்ளி உள்பக்கமாக ஊக்குப் போட்டுவிட்டால் யாருக்கும் தொந்தரவில்லை என்று வழி சொன்னவர் நீங்கள். உங்கள் தாலியில் சிலுவை, எங்கள் தாலியில் அவரவர் வீட்டு வழக்கம். எல்லாவற்றுக்கும் ஊக்குக் குத்தியது உங்கள் கைதான். "மூச்சப் பிடிச்சுக்கம்மா, குத்திடப்போவுது" என்பீர்கள். ஒருநாளும் யாருக்கும் குத்தியதில்லை.

அந்தக் கையைத்தான் திருட்டுக் கை என்றார்கள்.

நம் லைனில் வேலை செய்யும் சரோஜாவின் புருஷன் கப்பல் பட்டறையில் சாரத்திலிருந்து விழுந்து, நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்த சமயம் அது. ஒருநாள் காலை அவளுடைய மாமியார் தொழிற்சாலை வாசலில் வந்து நின்று மாரில் அடித்துக்கொண்டு கத்தினாள். முந்தின நாள் மருமகள் வெறும் கழுத்தோடு வீடு வந்தாளாம். தாலி வேலையிடத்தில் தொலைந்துவிட்டதாம். "கடைசியா உன் கழுத்தத் தொட்டது யாருடி?" என்று அவள் உலுக்கியபோது சரோஜா தரையைப் பார்த்துக்கொண்டு, "அக்காதான் ஊக்குக் குத்திவிட்டாங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்குமேல் அவள் சொல்லத் தேவையே இருக்கவில்லை.

நீங்கள் ஒரே ஒரு முறை, "நான் எடுக்கலம்மா" என்றீர்கள். பிறகு வாயை மூடிக்கொண்டீர்கள். நீங்கள் எடுத்தீர்கள் என்று நிரூபிக்க யாராலும் முடியவில்லை. எடுக்கவில்லை என்று நம்பவும் யாரும் தயாராக இல்லை. லைன் லீடர் உங்களைப் பேக்கிங் பக்கம் மாற்றினாள். நம் பெண்கள் தாங்களே கோணலாக ஊக்குக் குத்திக்கொள்ளப் பழகினார்கள். மார்சிலிங்கிலிருந்து வரும் கம்பெனி பஸ்ஸில் உங்கள் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. நின்றுகொண்டு வந்தாலும் வருவார்கள், அதில் மட்டும் உட்கார மாட்டார்கள். நான் வேண்டுமென்றே தொப்பென்று உட்கார்ந்து, எல்லாரையும் ஒரு பார்வை பார்ப்பேன்.

உங்கள் கோயிலிலும் விட்டுவைத்தார்களா? மாதா திருநாளுக்குச் சுரூபத்துக்கு நகை போட்டு அலங்கரிப்பது வருஷா வருஷம் உங்கள் வேலை. அந்த வருஷம், "நீங்க பூ மட்டும் கட்டுங்க சிஸ்டர், நகைய நாங்க பாத்துக்கறோம்" என்றார்களாம். இதைச் சொல்லும்போதுதான் உங்கள் குரல் கொஞ்சம் உடைந்தது. எனக்கு அங்கேயே போய் நாலு கேள்வி கேட்டுவிட்டு வரலாம் போலிருந்தது.

"வாயத் திறந்து சண்ட போடுங்கக்கா. ஊமையா இருந்தா ஒத்துக்கிட்ட மாதிரிதானே?" என்றேன்.

"ஒருவாட்டி சொல்லிட்டேன். மத்தத ஆண்டவரு பாத்துக்குவாரு லா."

"எப்பப் பாத்துக்குவாரு? லீவுல போயிருக்காரா?"

நீங்கள் சிரித்துவிட்டீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பஸ் நகர்ந்ததும் பையிலிருந்து செபமாலையை எடுத்து, சரோஜாவின் புருஷன் பிழைக்க வேண்டும் என்று முணுமுணுத்தீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரிந்தது. "நம்ம மேல பழி போடுறவங்கள நாம அடிச்சா அவரு கைய கட்டிக்கிட்டு நிப்பாரு. நாம கைய கட்டினாத்தான் அவரு எறங்குவாரு" என்று ஒருநாள் விளக்கம் வேறு சொன்னீர்கள். நீங்கள் கட்டிக்கொண்டு நின்றீர்கள். அவர் இறங்குவதாகத் தெரியவில்லை.

உங்கள் ஆண்டவரை நம்பிப் பயனில்லை என்று ஒரு வெள்ளிக்கிழமை சிராங்கூன் சாலைக்குப் போய் எங்கள் காளியம்மனிடம் முறையிட்டேன். அக்கா உன் பிள்ளை இல்லைதான், ஆனால் நியாயம் எல்லாருக்கும் பொதுதானே என்று கேட்டேன். அந்தத் தாலியை எடுத்தவள் யாரானாலும் சும்மா விடாதே, அவளை நாலு பேர் முன்னால் நிறுத்து என்று உண்டியலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அம்மன் பேசாமல் இருந்தாள். உங்களுடையவர் மாதிரியே இவளும் என்று திட்டிக்கொண்டு, தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன்.

சரோஜாவின் புருஷன் பிழைத்தான். நடந்தான். மறுபடி வேலைக்கே போனான். மாமியார் காலப்போக்கில் போய்ச் சேர்ந்தாள். உங்கள் மேல் விழுந்த பழி மட்டும் எங்கும் போகவில்லை. அதை வைத்துக்கொண்டே வருஷக்கணக்காக அதே பஸ்ஸில் வந்தீர்கள், போன வருஷம் நெஞ்சு வலி வந்து கண்ணை மூடும்வரை.

உங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே உங்கள் பெட்டியை வைத்திருந்தார்கள். பஸ் பெண்கள் வந்திருந்தார்கள். உங்கள் கோயில் பெண்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். சரோஜா வந்தாள். வந்தவள் பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, நடுச் செபத்தில், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"அக்கா எடுக்கல. யாருமே எடுக்கல. அவரு பொழைக்கணும்னு வேண்டிக்கிட்டு, வேல முடிஞ்சி நேராப் போயி நான்தான் காளியம்மா உண்டியல்ல போட்டேன். மாமியாரு போட்ட தாலி, கேட்டா விடமாட்டாங்க. வெளிய சொன்னா வேண்டுதல் பலிக்காதுன்னு பயம். அப்புறம் அக்கா மூஞ்சில முழிக்கப் பயம்."

அக்கா, நான் உண்டியலைப் பிடித்துக்கொண்டு அழுதேனே, தாலி அதற்குள்தான் விழுந்திருக்கிறது. எடுத்தவளைச் சும்மா விடாதே என்று எடுத்தவளிடமே மனுக் கொடுத்திருக்கிறேன்! இதைச் சொன்னால் நீங்கள் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். சொல்ல ஆளில்லை.

நாலு பேர் முன்னால் நிறுத்து என்று கேட்டேன், நிறுத்தியாயிற்று. உங்களைப் பூக்கட்டச் சொன்ன பெண் முக்காட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். ஊரெல்லாம் கேட்டது. கேட்க வேண்டிய ஒரு காது மட்டும் மூடிக் கிடந்தது. ஒரு வாரம் முன்னால் அவளைப் பேச வைக்க உங்கள் ஆண்டவருக்கு என்ன கஷ்டம்? உங்களுக்கு வராத கோபம் எல்லாம் சேர்த்து எனக்குத்தான் வருகிறது. அவருக்கு எல்லாம் தெரியும் என்பீர்கள். தெரிந்தும் தாமதித்தாரே, அதற்குப் பெயர் என்ன? அங்கே அவரைப் பார்த்திருந்தால் கேட்டு வையுங்கள்.

இப்போது பஸ்ஸில் என்ன நடக்கிறது தெரியுமா? சரோஜாவுக்குப் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. அன்றைக்கு உங்களை ஒதுக்கியவர்கள்தான் இன்றைக்கு அவளையும் ஒதுக்குகிறார்கள், அதே முகத்தை வைத்துக்கொண்டு. இத்தனை மாதமும் நான் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அனுபவிக்கட்டும் என்று வாய்விட்டே சொன்னேன்.

இன்று காலை குத்துப்பட்ட விரலைச் சப்பிக்கொண்டே பஸ்ஸில் ஏறினேன். பின்னால் இரண்டு இருக்கைகள் காலியாக இருந்தன, ஒன்று சரோஜாவுக்குப் பக்கத்தில். சரோஜா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பையை மடியில் அழுத்திப் பிடித்தபடி இருந்தாள். நீங்கள் அப்படித்தான் பிடித்திருப்பீர்கள். தொப்பென்று அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஜூரோங் வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் அழுதாள், அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

உங்கள் எதிரியை நீங்கள் உங்கள் ஆண்டவர் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போய்விட்டீர்கள், அக்கா. அவர் அவளைக் கொண்டுவந்து என் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார். நாளைக்கும் அதே பஸ்தான்.