வெளியே பூட்டு

9, திங்கள்

தூறல். நைட் ஷிப்ட் ஆரம்பம், இரண்டு வாரம். காலை ஏழுக்கு கம்பெனி பஸ் இறக்கிவிட்டது. வாங்க: ரவை, கொசுவத்தி, பிளேடு.

இந்த லைன் வீட்டில் எட்டுக் கதவு, ஒரு குழாய், ஒரு கக்கூஸ். மனிதர் என்று சொல்ல ஒருத்தரும் இல்லை. இன்று மூணாம் நம்பர்க்காரி என் குடத்துக்கு முன்னால் அவள் குடத்தை வைத்தாள். கேட்டால், "புள்ள ஸ்கூலுக்குப் போவணும்ணா." எல்லாருக்கும் ஒரு பிள்ளை, ஒரு அவசரம்.

ஒவ்வொரு நைட் ஷிப்டிலும் பகலில் நான் தூங்க வெளியே பூட்டி, நாலேகாலுக்குத் திறந்துவிடுவது அவள்தான். பூட்டைப் பார்த்தால் எவனும் தட்டமாட்டான். குடத்துக் கோபத்தில் சாவியைத் திருப்பி வாங்கிவிட்டேன். பெரிய உபகாரம்!

11, புதன்

வெயில். இரண்டு நாளாகத் தூக்கமில்லை. தட்டியவர்கள்: கேஸ்காரன், அப்பளக்காரி, ஜெபக்கூட்டத்துக்குக் கூப்பிட இரண்டு பேர். எட்டாம் நம்பர், "சும்மாதான் தட்னேன்." சும்மாவாம்!

பிரஸ் மெஷினில் கண் சொக்கிவிட்டது. இன்னும் ஒரு நொடி போயிருந்தால் நாலு விரல் போயிருக்கும். சூப்பர்வைசர்: "வூட்ல தூங்கறதில்லயாய்யா?" பயமாக இருக்கிறது.

12, வியாழன்

அஞ்சாம் நம்பர் ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரன். எதற்கும் பல்லைக் காட்டுவான். வேறு வழியில்லை, சாவி கொடுத்தேன். "நாலேகாலுக்குத் தொறந்துடு." "ஆய்த்து, ஆய்த்து." பூட்டினான். செத்த மாதிரித் தூங்கினேன்.

மணி ஐந்து. ஐந்தே முக்கால். திறக்கவில்லை. கக்கூஸோ வெளியே. ஓனர் போனை எடுக்கவில்லை. லைனில் யார் நம்பரும் என்னிடம் இல்லை. கத்தினேன். ஏழாம் நம்பர்க்காரன் பூட்டை ஆட்டிப் பார்த்துவிட்டு, "ஆள் இல்ல, உள்ள டிவில சீரியல் ஓடுது" என்று போய்விட்டான். அறிவாளி.

கடைசியில் மூணாம் நம்பர்க்காரிதான் குழவியால் பூட்டை உடைத்தாள். ஆனேக்கல்காரனுக்குப் போன் போட்டாள், கன்னடத்தில் பேசினாள், சிரித்தாள். என் 'நாலே' அவன் காதில் 'நாளெ'. கன்னடத்தில் நாளைக்கு. காலையில் வந்து திறப்பதாக இருந்தானாம், சாவியோடு ஊருக்கே போய்விட்டான். நன்றி சொல்ல வாயெடுத்தேன். கக்கூஸ் முந்திக்கொண்டது.

13, வெள்ளி

மேகமூட்டம். புதுப் பூட்டு. வெட்கம் கெட்டுப்போய் அவளிடமே சாவியை நீட்டினேன். குத்திக்காட்டாமல் வாங்கிக்கொண்டாள். அதுதான் தாங்கவில்லை.

"பூட்டறேண்ணா. ஞாயித்துக்கெழம கல்லாவிக்கு அம்மா வூட்டுக்குப் போறேன், புள்ளைக்கு ஒரு வாரம் லீவு. அப்ப சாவிய யார்கிட்ட குடுக்கட்டும்? பேரச் சொல்லுங்க, சொல்லிட்டுப் போறேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வெளியே பூட்டிவிட்டாள். படுத்தபடி ஒவ்வொரு கதவாக யோசிக்கிறேன். இந்த லைனுக்கு வந்து ஆறு வருடம். ஒருத்தர் பெயரும் தெரியவில்லை. இவள் பெயரே தெரியாது.