வாசலில் கிடந்த செருப்பு

மார்ச் 3

பல் செட் செய்யும் பட்டறையில் இன்று நான் செய்த மேல்வரிசை ஒரே தடவையில் பொருந்திவிட்டது. முதலாளி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் குறை கிடைக்கவில்லை. போனில் ஊரிலிருக்கும் என் வீட்டுக்காரரிடம் பீற்றிக்கொண்டேன்.

"வேலை சரி, மனுஷங்க எப்படி? நீ சரின்னு சொன்னாத்தான் நான் வேலையை விட்டுட்டு பாப்பாவைக் கூட்டிட்டு வர முடியும்."

மாதக் கடைசிக்குள் அவர் ஆபீசில் சொல்லியாக வேண்டும். மனுஷங்களா? இந்த நாட்டில் குடிவந்து நாலு நாளாகிறது. லிஃப்டில் தலையாட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

மார்ச் 6

செருப்பைக் காணோம்! வாசலில்தானே கழற்றிவிட்டேன்? கிளம்பும்போது அம்மா வாங்கிக் கொடுத்தது. இங்கேயுமா செருப்புத் திருடன்? அவரிடம் மூச்சு விடவில்லை.

மார்ச் 9

திருடி அகப்பட்டாள் — எதிர்வீட்டு பஸ் டிரைவரம்மா! என் செருப்பை மாட்டிக்கொண்டு ஜம்மென்று குப்பை போடப் போகிறார். எனக்கு வந்ததே கோபம்! அவர் காலையே முறைத்துக்கொண்டு நின்றேன்.

"அழகா இருக்குல்ல? கீழே பெட்டியில கிடந்துச்சு."

வேண்டாத சாமான்களைப் போடும் பெட்டி அது. வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். வாரம் ஒருமுறை மாடிப்படி கூட்ட வருகிறவர், வாசலில் கிடப்பதால் வேண்டாததென்று அதில் போட்டுவிட்டிருக்கிறார்!

என்னுடையது என்றதும் பாவம், அங்கேயே கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றார். வீட்டுக்குள் நாங்கள் செருப்போடு போவதில்லை என்று விளக்கினேன். அப்புறம் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மேல்மாடிக்காரர் எட்டிப் பார்த்தார்.

மார்ச் 13

கூட்ட வருகிறவர் ஒரு மரத்தட்டு கொண்டுவந்து என் வாசலில் வைத்தார். இதிலிருப்பதை யாரும் தொடக்கூடாதென்று மாடி மாடியாகச் சொல்லிவிட்டாராம். என் மானம் கப்பலேறிவிட்டது.

மார்ச் 18

ஜுரம். டிரைவரம்மா கஞ்சி மாதிரி ஏதோ காய்ச்சிக்கொண்டு வந்தார். யாரும் சொல்லாமலே வாசலில் பூட்ஸைக் கழற்றினார். காலுறையில் ஓட்டை, எட்டிப் பார்த்த பெருவிரலை இன்னொரு காலால் மறைத்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜுரத்தின் மேல் பழியைப் போட்டேன்.

மார்ச் 23

போனில் அவர் மறுபடி கேட்டார். இன்னும் ஒரு வாரம் என்றேன். ஏன் இழுத்தடிக்கிறேன்? ஒருத்தர் நல்லவர் என்றால் போதுமா? பாப்பா இங்கே விளையாட ஆளில்லாமல் ஏங்கினால்?

மார்ச் 29

கட்டடத்தில் எல்லோரையும் டீக்கு அழைத்திருந்தேன். யார் வரப்போகிறார்கள் என்று கொஞ்சம் பால்தான் வாங்கியிருந்தேன். மனசு கேட்கவில்லை. சாவியை டிரைவரம்மாவிடம் கொடுத்துவிட்டு இன்னொரு பாக்கெட்டுக்கு ஓடினேன்.

திரும்பி வந்தால் மரத்தட்டு நிரம்பி வழிகிறது. டிரைவரம்மாவின் பூட்ஸ், கூட்டுகிறவரின் ரப்பர் ஷூ, பட்டறை முதலாளிக்குக்கூடச் சேதி போய்விட்டது போல, பல் அச்சு வார்க்கும் மாவு படிந்த அவருடைய ஷூ. ஓரத்தில் குழந்தைகள் ஷூ இரண்டு ஜோடி, பாப்பா அளவு. உள்ளே ஒரே சத்தம். என் செருப்பைக் கழற்றிவிட இடமில்லை!

வாசலைப் படமெடுத்து அவருக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"என்ன இவ்வளவு செருப்பு? யார் வீட்டு விசேஷம்?"

"நம்ம வீடுதாங்க. நாளைக்கே ஆபீஸ்ல சொல்லிடுங்க."